சொத்துக்காரி என்ற பெயர்

மகனே,

ஈஸ்டருக்கு நீ வந்திருந்தபோது சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே ஒரு வார்த்தை சொன்னாய். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் டீச்சர், நீ கட்டப்போகிற ரீட்டா எப்படி என்று உன்னிடம் கேட்டார். "ஒரே பொண்ணு டீச்சர். அம்மா முன்னமே இல்ல, அப்பாவும் போன வருஷம் தவறிட்டாரு. நுவரெலியாவுல கடை, கடைக்கு மேல வீடு, பின்னால மரக்கறித் தோட்டம், எல்லாம் அவ பேருலதான். சொத்துக்காரி" என்று சொல்லிச் சிரித்தாய். டீச்சரும் சிரித்தார். உன் சின்னம்மா அப்போது அடுப்படியில் இருந்தாள். கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, பின்கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள். நீ கவனிக்கவில்லை. நல்ல மழை. கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் அவள் நனைந்தபடி நின்றதை ஜன்னல் வழியாக நான்தான் பார்த்தேன். போய்க் கூப்பிட்டபோது, "அவன் பஸ் ஏறிட்டானா?" என்று மட்டும் கேட்டாள்.

உன் சின்னம்மா பேசாத மனுஷி, ரோட்டில் வாகனம் நின்றால் ஜன்னலைச் சாத்துகிற மனுஷி என்றுதான் நீ அவளை அறிவாய். நீ கண்டியில் விடுதியில் படித்துக்கொண்டிருந்த நாட்களில்தான் எல்லாம் நடந்தது. லீவுக்கு வந்தபோது சின்னம்மா நம் வீட்டில் இருந்தாள். ஏன் என்று நீ கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. இன்னும் ஆறு வாரத்தில் உனக்குக் கல்யாணம். இப்போது சொல்லாவிட்டால் பிறகு சொல்லிப் பயன் இருக்காது.

இத்தனை வருஷமாகப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். 'வாரிசு' என்ற சொல்லுக்கு ஆண்பால் பெண்பால் கிடையாது. ஆனாலும் அந்தச் சொல்லைக் கேட்டதும் யாருடைய மனதிலும் ஒரு பையனின் முகம்தான் வரும். பெண்ணுக்குச் சொத்து வந்தால் அதைச் சொல்ல நம் தோட்டத்து லய வீடுகளில் வார்த்தையே இல்லை. லயத்தில் எவளுக்குச் சொத்து வந்தது, வார்த்தை இருப்பதற்கு? அதனால் நம் ஆட்கள் வாயில் வந்ததைச் சேர்த்து ஒன்றை உண்டாக்கிக்கொண்டார்கள். சொத்துக்காரன் என்று ஒருவனைச் சொன்னால் சொத்து அவனுடையது என்று அர்த்தம். அவன் வரும்போது நாற்காலியை இழுத்துப் போடுவார்கள். சொத்துக்காரி என்று ஒருத்தியைச் சொன்னால், அவள் வழியாகச் சொத்து வேறு யாருக்கோ போகப்போகிறது என்று அர்த்தம். அந்த வேறு யாரோ யார் என்று எல்லோரும் சுற்றுமுற்றும் பார்க்கத் தொடங்குவார்கள். இது அகராதியில் இருக்காது. உன் சின்னம்மாவின் உடம்பில் நான் படித்தது.

நாங்கள் அக்கா தங்கை இரண்டு பேர், நானும் பிலோமினாவும். எங்கள் அம்மா இறந்தபோது நான் ஆசிரியர் பயிற்சிக்குப் போயிருந்தேன். பிலோமினாவை அவளுடைய ஞானத்தாய் மஸ்கெலியாவுக்கு அழைத்துக்கொண்டு போனார். லூர்தம்மா என்று பெயர், பிலோமினாவுக்கு ஞானம்மா, பிள்ளையில்லாத விதவை. கடைவீதியில் அவருக்கு ஒரு பேக்கரி இருந்தது. கீழே பாண் சுடும் போறணையும் கடையும், மேலே இரண்டு அறை வீடு. பிலோமினா அங்கேதான் வளர்ந்தாள். மாவு பிசைந்தாள், கல்லாவில் உட்கார்ந்தாள், லூர்தம்மா படுக்கையில் விழுந்தபோது மலம் மூத்திரம் அள்ளினாள். எழுபதுகளின் நடுவில், பாணுக்கு ஊரே வரிசையில் நின்ற பஞ்ச காலத்தில், லூர்தம்மா போய்ச் சேர்ந்தார். பேக்கரியையும் வீட்டையும் பிலோமினா பெயருக்கு எழுதி வைத்திருந்தார். கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டுவிட்டுத் திரும்பும்போது யாரோ ஒருவர், "இனிமே என்ன, மினா சொத்துக்காரி" என்றார். துக்கத்துக்கு நடுவே எல்லோரும் கொஞ்சம் சிரித்தோம். அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அன்றைக்கு அது ஒரு நல்ல வார்த்தையாகத்தான் இருந்தது.

ஒரு மாதத்துக்குள் மஸ்கெலியாவில் அவளுக்கு வேறு பெயரே இல்லாமல் போயிற்று. "சொத்துக்காரி, ஒரு ராத்தல் பாண் குடு" என்பார்கள். போறணையில் வேலை செய்த பியதாச பாஸ்கூட, லூர்தம்மா காலத்திலிருந்து அங்கே இருந்த சிங்களவர், "எங்கட உருமக்காரி" என்று பெருமையாகச் சொல்வார். அவர்கள் பாஷையில் உருமய என்றால் வழிவழியாக வருவது. எனக்கும் அது பிடித்திருந்தது, நம் உரிமைக்குப் பக்கத்தில் நிற்கிற சொல். பூசை முடிந்து கோயில் வாசலில் அவளோடு நின்றால் இதுவரை எங்களைத் திரும்பிப் பாராதவர்களெல்லாம் வந்து விசாரித்தார்கள். தூரத்து மாமன்மார் முளைத்தார்கள். "தனியா எப்படிம்மா சமாளிக்கிறே" என்று கேட்டுக்கொண்டே அவர்களுடைய கண் போறணைப் புகைபோக்கியிலிருந்து மேல்மாடி வரைக்கும் போய்வரும்.

சேவியர் அப்படிப் பார்க்கவில்லை. அதனால்தான் அவனை எங்களுக்குப் பிடித்தது. அக்கரப்பத்தனைப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் கிளாக்கராக இருந்தான். மெதுவாகப் பேசுவான். பெண் பார்க்க வந்தபோது கட்டடத்தை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், பிலோமினாவின் கையில் இருந்த சுட்ட தழும்பைப் பார்த்து, "இது எப்பங்க பட்டுச்சு?" என்று கேட்டான். அந்த ஒரு கேள்வியில் அவள் விழுந்துவிட்டாள். நானும்தான். நிச்சயமான பிறகு அவனும் அவளைச் சொத்துக்காரி என்றே கூப்பிட்டான், செல்லமாக. அவள் முகம் சிவக்கும். கல்யாணத்தன்று பீடத்துக்கு முன்னால் சுவாமியார் சொல்லச் சொல்ல அவன் திருப்பிச் சொன்னான். "சேவியர் ஆகிய நான்" என்பது சரியாக வந்தது. அடுத்து அவள் பெயரைச் சொல்ல வேண்டும். அவன் நின்றுவிட்டான். பெயர் அவனுக்கு வரவில்லை. சுவாமியார் எடுத்துக் கொடுத்த பிறகுதான் சொன்னான். கோயில் முழுக்கச் சிரிப்பு, மாப்பிள்ளைக்குப் பயம் என்று. நானும் சிரித்தேன், ஆனால் எனக்கு அது பயமாகப் படவில்லை. உன் அப்பாவிடம் சொன்னேன். "சும்மா இரு, நல்ல நாள் அதுவுமா" என்றார்.

முதல் வருஷம் ஒரு குறையும் இல்லை. அதை நீ கவனித்துப் படிக்க வேண்டும். முதல் வருஷம் அவன் நல்லவனாகத்தான் இருந்தான், நடித்தான் என்றுகூட நான் நினைக்கவில்லை. இரண்டாம் வருஷம் அவன் தோட்டத்து வேலையை விட்டுவிட்டு வந்து கல்லாவில் உட்கார்ந்தான். "நீ ஏன் சொத்துக்காரி கஷ்டப்படணும், மேல போய் ரெஸ்ட் எடு" என்றான். அவளுக்கு அது அன்பாகப் பட்டது. அப்புறம் அவன் அம்மா வந்தார், துணைக்கு என்று. அப்புறம் பியதாச பாஸை நிறுத்தினார்கள். அப்புறம்தான் பேச்சை எடுத்தான், எல்லாவற்றையும் அவன் பெயருக்கு எழுதிவிடலாம், ஆபீஸுக்கும் பேங்குக்கும் பொம்பளை அலைய வேண்டாம் என்று. பிலோமினா என்னிடம் வந்து இதைச் சொன்னபோது அவள் வயிற்றில் பிள்ளை இருந்தது. "நான் மாட்டேன்னுட்டேன்கா. ஞானம்மா எனக்குத்தானே குடுத்தாங்க. அவரும் சரின்னுட்டாரு, கோவப்படல" என்றாள். கோபப்படவில்லை என்பதைக் கேட்டு அவள் நிம்மதியாக இருந்தாள். எனக்கு அந்த நிம்மதி வரவில்லை.

அந்தப் பிள்ளை நிற்கவில்லை. பார்க்கப் போனபோது சேவியரின் அம்மா கடை வாசலிலேயே நின்று, "இப்பதாங்க தூங்குறா, எழுப்ப வேணாம்" என்றார். அடுத்த முறை போனபோதும் தூங்கினாள். அதற்கடுத்த முறை பட்டப்பகலில் போனேன், அப்போதும் தூங்கினாள். மேல்மாடி ஜன்னல்கள் மூடியே இருந்தன. பக்கத்துத் துணிக்கடையில் விசாரித்தேன். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, "சொத்துக்காரிக்கு மூளைக் கோளாறாம் டீச்சர். ராவெல்லாம் கத்துதாம். மாப்பிள்ளை தங்கமான மனுஷன், பொறுத்துக்கிட்டு வச்சிருக்காரு" என்றார்கள். அந்த வார்த்தை எவ்வளவு சுலபமாக இன்னொன்றுக்குத் தாவிவிட்டது பார். சொத்துக்காரியும் பைத்தியக்காரியும் ஒரே வால் உள்ள சொற்கள். ஊருக்கு முன்பாதியை மாற்றினால் போதும்.

ஒரு வியாழக்கிழமை, மத்தியான இடைவேளையில், பியதாச பாஸ் நம் ஸ்கூலுக்கே வந்துவிட்டார். மஸ்கெலியாவிலிருந்து நோர்வூட்டுக்கு பஸ்ஸில் வந்து, அங்கிருந்து தோட்டத்துக்கு மேலே நடந்து வந்திருந்தார். தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு வகுப்பு வாசலில் நின்றார்.

"மிஸ், நான் பின்பக்கத்தால போய்ப் பார்த்தேன். மினா நோனாவுக்கு ஏதோ மாத்திரை கொடுக்கிறாங்க. நோனா ஜன்னல்கிட்ட வந்து என்னைப் பார்த்துச்சு. ஆனா என்னைத் தெரியல" என்றார். கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார். "இன்னைக்குப் பின்நேரம் ஒரு லோயர் மாத்தயா வாறார். கையெழுத்து எடுக்க. போறணைப் பையன்கள் சொன்னாங்க."

உன் அப்பா அன்று கொழும்புக்குப் போயிருந்தார். பெரிய டீச்சரிடம் சொல்லிவிட்டு நான் அப்படியே கிளம்பினேன், கையில் சாக்குக் கட்டித் தூளோடு. பியதாச பாஸ் நோர்வூட்டில் ஒரு காரைப் பிடித்தார். வழியெல்லாம் மூடுபனி. லைட்டைப் போட்டுக்கொண்டு ஊர்ந்துகொண்டு போனோம். பேக்கரி வாசலில் லோயரின் கார் ஏற்கெனவே நின்றது. கடையில் சேவியரின் அம்மா இல்லை. நான் யாரையும் கேட்காமல் மாடிப்படி ஏறினேன்.

அறைக்குள் பிலோமினாவைக் கட்டிலில் தலையணை வைத்துச் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். தலை வாரிப் பொட்டு வைத்திருந்தார்கள், கல்யாணப் பெண்ணைப் போல. கை மணிக்கட்டு என் இரண்டு விரலுக்குள் அடங்கும் அளவுக்கு மெலிந்திருந்தது. லோயர் வயதான மனிதர், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வழக்கமாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

"உங்க பேரு என்னம்மா?"

அவள் அவரையே பார்த்தாள். உதடு அசைந்தது. மறுபடியும் கேட்டார்.

"சொத்துக்காரி" என்றாள்.

சேவியரின் அம்மா அவசரமாகச் சிரித்தார். "நாங்க எல்லாம் அப்படிக் கூப்பிடுறதுங்க, செல்லமா." லோயர் சிரிக்கவில்லை. "உங்க சொந்தப் பேரைச் சொல்லுங்கம்மா" என்றார். பிலோமினா யோசித்தாள். மகனே, அவள் யோசித்ததை நான் வாசலில் நின்று பார்த்தேன். குழந்தைகள் விடை தெரியாமல் சுவரைப் பார்ப்பார்களே, அப்படிச் சுவரைப் பார்த்தாள். பிறகு மறுபடியும் அதையே சொன்னாள், இந்த முறை கேள்வியைப் போல.

"பிலோமினா" என்றேன் நான். "அவ பேரு பிலோமினா. நான் அவ அக்கா."

லோயர் பேனாவை மூடினார். "இந்த நெலமையில நான் கையெழுத்து வாங்க ஏலாது, மிஸ்டர் சேவியர். முதல்ல ஆசுபத்திரிக்குக் கொண்டு போங்க" என்றார். சேவியர் கத்துவான், என்னை வெளியே தள்ளுவான் என்று எதிர்பார்த்து நின்றேன். அவன் ஒரு நாற்காலியை என் பக்கம் நகர்த்தினான். "உட்காருங்கக்கா. தூரத்துலருந்து வந்திருக்கீங்க. டீ குடிங்க" என்றான். அந்தக் குரலில் ஒரு மாற்றமும் இல்லை. தழும்பைப் பற்றிக் கேட்ட அதே குரல். நான் உட்காரவில்லை.

"நான் அவளைக் கூட்டிட்டுப் போறேன், தம்பி."

"எங்கக்கா போவா? சொத்து இங்கதானே இருக்கு."

"சொத்து இருக்கட்டும். அவ வரட்டும்."

லோயர் அறையை விட்டுப் போகாமல் பையை மெதுவாகக் கட்டிக்கொண்டிருந்தார், வேண்டுமென்றேதான். அந்த மனிதர் அங்கே இருக்கும்வரைதான் எங்களுக்கு வழி. நான் அவள் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினேன். பியதாச பாஸ் படியில் பாதி ஏறி வந்து தாங்கிக்கொண்டார். செருப்பு இல்லை, மாற்றுச் சேலை இல்லை. கடையைத் தாண்டும்போது பாண் வாங்க நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள். கார் கிளம்பும்போது சேவியர் வாசலுக்கு வந்து, குனிந்து, ஜன்னல் வழியாக அவளிடம் சொன்னான்: "நீ வந்துருவே."

நேரே ஆசுபத்திரிக்குப் போனோம். அவளுக்குத் தெளிய மாதங்கள் ஆயின. அவள் தெளிந்த பிறகு அவன் வரத் தொடங்கினான். வீட்டுக்கு வரமாட்டான். ரோட்டுக்கு அந்தப் பக்கம், தேயிலை மலை ஓரத்தில் வந்து நிற்பான். ஸ்கூல் விட்டுப் போகிற பிள்ளைகளிடம் சிரித்துக்கொண்டே, "சொத்துக்காரி சுகமா?" என்று கேட்பான். பிள்ளைகளுக்கு என்ன தெரியும், ஓடிவந்து, "டீச்சர், ஒரு மாமா கேட்டாரு" என்பார்கள். ஒருநாள் காலையில் கதவைத் திறந்தால் படியில் ஒரு பொட்டலம். உள்ளே சூடு ஆறாத பணிஸ், அவளுக்குப் பிடித்த சீனி போட்ட பன். மஸ்கெலியாவிலிருந்து நம் வாசலுக்குச் சூடு ஆறாமல் வந்திருக்கிறது என்றால் எவ்வளவு விடியலில் அவன் புறப்பட்டிருக்க வேண்டும், எவ்வளவு பக்கத்தில் வந்து நின்றிருக்க வேண்டும். உன் அப்பா அதைக் கோழிக்குப் போடப் போனார். நான் விடவில்லை. மண் தோண்டிப் புதைத்தோம். பொலிஸுக்குப் போனால், புருஷன் பெண்டாட்டிக்கு பணிஸ் கொண்டுவந்து வைப்பதில் என்ன குற்றம் என்று கேட்டார்கள்.

இப்படி வருஷங்கள். அவள் கடைசிவரைக்கும் கையெழுத்துப் போடவில்லை, அவனும் கடைசிவரைக்கும் வருவதை விடவில்லை. எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் அந்த பேக்கரியும் எரிந்தது. அதற்குப் பிறகு சேவியரையோ அவன் அம்மாவையோ கண்டவர் இல்லை. இந்தியாவுக்குப் போய்விட்டார்கள் என்றார்கள். பியதாச பாஸ்தான் வந்து சொன்னார், அழுதுகொண்டே. சின்னம்மா, "போறணையுமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றார். அவள் எழுந்து போய்ச் சோறு போட்டுக்கொண்டு வந்து, எங்களுக்கு முன்னால் உட்கார்ந்து, வயிறு நிறையச் சாப்பிட்டாள். ஊரெல்லாம் எரிகிற நேரத்தில் அப்படி ஒருத்தி சாப்பிட்டதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. அந்தக் காணி இன்னும் அவள் பெயரில்தான் இருக்கிறது. அவள் அந்தப் பக்கம் போனதில்லை.

நீ சேவியர் இல்லை என்று எனக்குத் தெரியும். முதல் வருஷத்தில் சேவியரும் சேவியராக இல்லை. அதனால்தான் சொல்கிறேன். ரீட்டாவுக்கு வந்தது ரீட்டாவுடையது. அதை வைத்திருப்பதும் விற்பதும் யாருக்காவது கொடுப்பதும் அவள் இஷ்டம். அவளுடைய கல்லாவில் அவள் உட்காரட்டும். நீ களைப்பாக இருக்கிறாய், மேலே போய்ப் படு என்று அவளிடம் சொல்வதற்கு முன்னால், அவள் உண்மையிலேயே களைத்திருக்கிறாளா என்று பார். அவள் மாட்டேன் என்று சொன்னால் கோபப்படு, சண்டை போடு. கோபம் வராமல் சிரித்துக்கொண்டு காத்திருக்க மட்டும் பழகிவிடாதே.

இதுவரைக்கும் எழுதிவிட்டு, உனக்கு அனுப்பாமல் சில நாள் வைத்திருந்தேன். சென்ற சனிக்கிழமை சின்னம்மா சேலை உடுத்திக்கொண்டு என் முன்னால் வந்து நின்று, "நுவரெலியாவுக்குப் போவோம்கா" என்றாள். இத்தனை வருஷத்தில் கோயிலைத் தவிர வேறெங்கும் போகாதவள். ஹட்டன் போய் பஸ் மாறிப் போனோம். ரீட்டா கடையில்தான் இருந்தாள். எங்களைப் பார்த்ததும் பதறிப்போய் மேலே கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்தாள். சின்னம்மா தன் கதை முழுவதையும் அவளிடம் சொன்னாள். மாத்திரையை, ஜன்னலை, பணிஸ் பொட்டலத்தை எல்லாம். சில விஷயங்கள் எனக்கே அன்றுதான் தெரியும். அவற்றை நான் இங்கே எழுத மாட்டேன்.

ரீட்டா எழுந்து அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். பிறகு சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள். "உங்க மகன் இந்தக் கடையை வித்துட்டு கொழும்புல வீடு வாங்கலாம்னு சொல்றாங்க அத்தை. வாங்குறதுக்கு ஆளும் பார்த்தாச்சாம். ஈஸ்டருக்கு முந்தின ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரைக் கூட்டிட்டு வந்து இடத்தைக் காட்டினாங்க."

"உனக்கு விக்க விருப்பமா?" என்று கேட்டேன்.

"என்னைக் கேக்கலைங்க" என்றாள்.

ஈஸ்டருக்கு வந்து இரண்டு நாள் இருந்தாய். இதை என்னிடம் நீ சொல்லவில்லை. நான் அவளிடம் சொன்னேன், கல்யாணத்துக்கு முன்னாலும் சரி, பின்னாலும் சரி, உன் மனசுக்குப் படாத எதிலும் கை வைக்காதே, என் மகன் கேட்டாலும் கை வைக்காதே என்று. கல்யாணமே வேண்டாம் என்று உனக்குத் தோன்றினால் அதையும் என்னிடம் வந்து சொல், நான் போய் அவனிடம் பேசுகிறேன் என்றும் சொன்னேன். அவள் எங்களைப் பஸ் ஏற்றிவிட ஸ்டாண்ட் வரைக்கும் வந்தாள். பஸ் புறப்படும்போது சின்னம்மாவின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் கூடவே நடந்தாள்.

இதைப் படித்துவிட்டு உனக்கு என் மேல் கோபம் வரும். வரட்டும். கோபத்தோடு புறப்பட்டு அவளிடம் போ, கேட்க வேண்டியதைக் கேள், அவள் சொல்வதைக் கடைசி வரைக்கும் இருந்து கேள். பெண்ணின் பக்கத்தில் நிற்க அவளுக்கு அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. அதனால் கல்யாணத்தன்று உன் பக்கத்தில் நிற்க நான் வரமாட்டேன். நானும் சின்னம்மாவும் முதல்நாளே நுவரெலியாவுக்குப் போய் அவளோடு தங்குவோம். கோயிலுக்கு அவளை ஆளுக்கொரு பக்கமாக நின்று நாங்கள்தான் அழைத்து வருவோம், அவள் வர விரும்பினால்.

உன்
அம்மா